கோபம் இல்லைம்மா, காதுதான்

ஜன்னல் பக்கம் வேணும்னா நீங்க உக்காந்துக்கங்க சார், எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். தஞ்சாவூர் வரைக்குமா? நானும் அங்கதான். என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எஞ்சின் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. இன்னும் வண்டியே எடுக்கலையா? சரி சரி, பக்கத்து வண்டியா இருக்கும். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுன்னாலே இரைச்சல்தான்.

நீங்க என்ன பண்றீங்க? டீசலா? பங்க் வச்சிருக்கீங்களா? ஓ, டிசைனு! விளம்பரத்துக்கு டிசைன் போடுற வேலையா? சென்னையில? அடடா. நானும் விளம்பரத்துல ஒரு ஆட்டம் ஆடி ஜெயிச்சவன் சார். சிரிக்காதீங்க. பட்டுக்கோட்டையில வைரக்கண்ணுன்னு யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. காது மெஷின் கடை வைரக்கண்ணுன்னா இன்னும் நல்லாத் தெரியும்.

கடை வச்சு ரெண்டு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் மைக் செட். வைரம் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான். திருவிழான்னா மரத்துல குழாயைக் கட்டிட்டு அதுக்குக் கீழேயே பாயை விரிச்சுப் படுத்துடுவேன். மேல நாதஸ்வரம் அலறும், கீழ நான் குறட்டை விடுவேன். வைரக்கண்ணுவை எழுப்பவே முடியாதுன்னு ஊரே சொல்லும். அவ்வளவு பழக்கம் சார் நமக்கு, சத்தம்னா.

அப்புறம் டி.ஜே. பெட்டி வந்துச்சு. லாரி மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து நிறுத்தி, நெஞ்செல்லாம் அதிர வைக்கிறான். நம்ம குழாயைச் சீந்த ஆளில்ல. அப்பத்தான் காது மெஷின் கம்பெனிக்காரர் ஒருத்தர் ஊர் ஊரா டீலர் தேடிக்கிட்டு வந்தார். நான் யோசிச்சேன். இத்தனை வருஷம் காதுக்குச் சத்தத்தை அனுப்பினோம். இனிமே காதுக்குள்ளயே அனுப்புவோம். லைன் ஒண்ணுதானே? மைக் செட்டை மொத்தமாத் தள்ளிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கடையைப் பிடிச்சேன். வைரம் ஹியரிங் சென்டர். காதை டெஸ்ட் பண்ண தஞ்சாவூர்லேருந்து ஒரு டாக்டரம்மா செவ்வாய், வெள்ளி வருவாங்க. எல்லாம் முறைப்படிதான்.

சரக்கு வந்தாச்சு, டாக்டரம்மா வந்தாச்சு. ஆளுதான் வரல.

முதல் விளம்பரம் நானே பண்ணினேன். குழாய் ரெண்டு மட்டும் விக்காம வச்சிருந்தேன். ஆட்டோவுல கட்டி, என் சொந்தக் குரல்ல பேசி, ஊரைச் சுத்தினேன். "காது கேட்கவில்லையா? கவலை வேண்டாம்! வாருங்கள், வைரம் ஹியரிங் சென்டர்!" தெருத் தெருவாப் போனேன் சார். ஒருத்தர் வரல. வந்தது யாருன்னா, ஒரு ட்ராஃபிக் போலீஸ், சத்தத்தைக் குறைன்னு. அப்புறம் கைக்குழந்தையோட ஒரு அம்மா, இப்பத்தான் தூங்க வச்சேன் பாவின்னு.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்ல சம்சாரம், இந்திராணின்னு பேரு, தட்டை வச்சுட்டு என்னமோ சொன்னா. நான் "என்ன?"ன்னேன். மறுபடியும் சொன்னா. அவளும் அப்படித்தான் சார், வாய்க்குள்ளயே பேசுவா. மூணாவது தடவை கிட்ட வந்து நின்னு, "காது கேக்காதவங்களுக்கு ஆட்டோவுல கத்துறது எப்படிங்க கேக்கும்?"னா.

யோசிச்சுப் பார்த்தேன். அவ சொல்றதும் நியாயமாத்தான் பட்டுச்சு. வால்யூம் பத்தல. மறுநாளே இன்னொரு குழாயை வாடகைக்கு எடுத்துச் சேர்த்துக் கட்டினேன்.

அதுக்கும் யாரும் வரல.

சரி, காதால விழாதுன்னா கண்ணால பார்க்கட்டும்னு ஃப்ளெக்ஸ் அடிச்சேன். வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர் காதுல கையை வச்சுக்கிட்டுச் சிரிக்கிற படம். பக்கத்துல மெஷின் படம், பூசணிக்காய் அளவுக்கு. மேல சிவப்புல, "காது கேளாதோரே!" பென்ஷன் வாங்குற பேங்க் எதிர்ல கட்டினேன். வயசானவங்க எல்லாம் அங்கதானே வரணும்? சரியான இடம்னு நினைச்சேன். நீங்களும் அங்கதான் கட்டியிருப்பீங்க, சொல்லுங்க.

ஒரு நாள் நானே அங்க போய் நின்னேன். ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் கலியமூர்த்தி சார் வந்தார். எனக்கு நல்லாத் தெரிஞ்சவர். அவருக்குக் காது மந்தம்ங்கிறது ஊருக்கே தெரியும். பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சாலும் திரும்ப மாட்டார். அவர் நின்னு ஃப்ளெக்ஸை முழுசாப் படிச்சார். எனக்குன்னா உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். படிச்சு முடிச்சுட்டு என் தோள்ல தட்டி, "நல்ல காரியம் வைரக்கண்ணு. பாவம், எத்தனை பேரு காது கேக்காமக் கஷ்டப்படுறாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

"உங்களுக்கு சார்?"னு பின்னாடியே கேட்டேன். அவருக்குக் கேக்கல.

அப்பத்தான் சார் எனக்கு இந்த வியாபாரத்தோட சூட்சுமம் புரிஞ்சுச்சு. கண்ணு மங்கினா அவனுக்கே தெரியும். பல்லு ஆடினா அவனுக்கே தெரியும். காது மட்டும் போறது போறவனுக்குத் தெரியாது. ஊர்ல எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சுட்டாங்கன்னு நினைச்சுக்குவான். எதிர்ல இருக்கிறவன் மேலதான் பழியைப் போடுவான். என்ன? என்ன சொன்னீங்க? சார், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்க. இந்தக் காலத்துல படிச்சவங்க யாருமே சத்தமாப் பேசுறதில்ல.

சரி, விடுங்க. எங்க விட்டேன்? ஆங், கடை. காலையில திறந்து ஊதுவத்தி ஏத்தி உக்காந்தா, ராத்திரி பூட்டுற வரைக்கும் பேப்பர்தான். எதிர்த்த டீக்கடைக்காரர், "என்னண்ணே, இன்னைக்காவது போணியாச்சா?"ன்னு சைகையிலயே கேப்பார். கடையில ஒரு லேண்ட்லைன் இருக்கு, அது அடிக்கவே அடிக்காது. ஆனா ஒண்ணு சார், மத்தியானம் இந்திராணி சாப்பாடு எடுத்துக்கிட்டு வருவா பாருங்க, அவ இருக்கிற அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு ஃபோனாவது வந்துரும். அவ ராசி அப்படி. அவ போயிட்டா மறுபடியும் ஊமை.

தீபாவளி நெருங்கிருச்சு. கம்பெனிக்காரர் வந்தார். "உங்க ஊர்ல ஒரு பீஸ்கூடப் போகலையே. தீபாவளிக்குள்ள அசையலைன்னா டீலர்ஷிப்பை வேற ஆளுக்கு மாத்திடுவோம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. மைக் செட்டை வித்தாச்சு, திரும்பப் போறதுக்கு அந்தப் பக்கமும் வழி இல்ல. இந்த வயசுல யார்கிட்டப் போய் வேலை கேக்கிறது? இந்திராணி ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாலும் மெதுவாச் சொல்லியிருப்பா. பாத்திரத்தை எடுத்துப் பையில வச்சுட்டு, "வாங்க, ஃப்ளெக்ஸ் அடிச்ச அந்தப் பிரஸ்ஸுக்குப் போவோம்"னு என் கையைப் பிடிச்சு எழுப்பினா.

பிரஸ்ஸுல டிசைன் பண்றது ஜோஸ்பின்னு ஒரு பொண்ணு. ஃப்ளெக்ஸும் அதுதான் போட்டுக் குடுத்துச்சு. நான் போனதும், "தங்கச்சி, எழுத்தை இன்னும் பெருசாப் போடு, மஞ்சள்ல போடு, தாத்தாவை மாத்தி நம்ம ஊர்த் தாத்தாவைப் போடு"ன்னேன்.

அது கம்ப்யூட்டர்லேருந்து திரும்பி, "அண்ணே, போன தடவையே கேக்கணும்னு நினைச்சேன். இதை யாரு படிக்கணும்?"னு கேட்டுச்சு.

"எல்லாரும்தான்."

"எல்லாரும் படிச்சா யாரு வருவா?"

"காது கேக்காதவங்க வருவாங்க."

"அவங்களுக்குத்தான் காது நல்லாக் கேக்குதேண்ணே."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப அது என்னை விட்டுட்டு இந்திராணி பக்கம் திரும்புச்சு. "அக்கா, நீங்க சொல்லுங்க. வீட்ல ஒருத்தருக்குக் காது கேக்கலைன்னா, கஷ்டம் யாருக்கு?"

இந்திராணி முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் ஆரம்பிச்சா சார், நிறுத்தவே இல்ல. அந்த நேரம் பார்த்துப் பின்னாடி ஃப்ளெக்ஸ் மெஷினைப் போட்டுட்டாங்க, எனக்கு அங்கங்க ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. "கூப்பிட்டா திரும்பவே மாட்டாரு, கோவமோன்னு நினைச்சு..." அப்படின்னு ஏதோ. அந்தப் பொண்ணு முதல்ல சிரிச்சுது. அப்புறம் சிரிக்கல. இந்திராணி கையைப் பிடிச்சுக்குச்சு.

நான் கிட்டப் போய், "யாரைப் பத்திப் பேசுறீங்க?"ன்னேன்.

"ஊர்ல ஒருத்தங்களைப் பத்தி"ன்னா இந்திராணி.

பொம்பளைங்க பேச்சு. நான் போய் டீ குடிச்சுட்டு வந்தேன். வந்து பார்த்தா நோட்டீஸ் ரெடி. தாத்தா இல்ல. மெஷின் இல்ல. சமையலறை வாசல்ல ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கிட்டு, வாய் பக்கத்துல கையைக் குவிச்சு யாரையோ கூப்பிடுற மாதிரி ஒரு படம், கோட்டுலயே வரைஞ்சது. கீழ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம் சார், சொல்றேன் கேளுங்க.

"ஒரே வார்த்தையை மூன்று தடவை சொல்லி அலுத்துவிட்டதா? பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லையா? கோபம் இல்லைம்மா அவருக்கு. காதுதான். கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கவே இல்ல. "என்னம்மா இது, பொம்பளைங்களுக்கா காது கேக்கல?"ன்னு சத்தம் போட்டேன். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. ரோட்ல போறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஜோஸ்பின் சொல்லுச்சு, "ரோட்ல போறவங்களுக்கு இல்லண்ணே. மாவு மில்லுல ஒட்டப் போறோம். மிளகாய்த்தூள் அரைச்சு முடியிற வரைக்கும் அங்க நின்னுதானே ஆகணும்? கிட்ட நின்னு நிதானமாப் படிப்பாங்க. பெருசாக் கத்தினா, வீட்ல கத்துறது பத்தாதா, இங்கேயும் ஒரு கத்தலான்னு முகத்தைத் திருப்பிக்குவாங்க." டார்கெட் ஆடியன்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்க, இல்ல? எனக்கு ஆடியன்ஸ்னா மேடைக்கு எதிர்ல உக்காந்திருக்கிற கூட்டம். இது என்னடான்னா, மேடைக்கு வராத ஆளைத் தேடிப் போறது.

எங்கெங்க ஒட்டணும்னு இந்திராணிதான் சொன்னா. மாவு மில், லேடீஸ் டைலர், ரேஷன் கடை, சீட்டுப் பிடிக்கிற சரோஜா வீட்டு வாசல். ஃபோன் நம்பர்கூட என்னோடது வேண்டாம்னு அவளோடதைப் போடச் சொல்லிட்டா. எனக்கு வருத்தம்தான். ஆனா தீபாவளி கழுத்தை நெரிக்குது, என்னமோ பண்ணிக்கங்கன்னு விட்டுட்டேன். பார்த்தீங்களா, ஒரு முதலாளிக்கு இதுதான் முக்கியம். எங்க விடணும்னு தெரியணும்.

ஒட்டின ரெண்டாம் நாளே அவ ஃபோன் ஓயல சார். முதல்ல வந்தது யாருங்கிறீங்க? நம்ம கலியமூர்த்தி ஹெட்மாஸ்டர்தான்! அவரா வரல. அவர் சம்சாரம் வேதவல்லியம்மா மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. அவர், "எனக்கு ஒண்ணும் இல்ல வைரக்கண்ணு, இவ ஏதோ மில்லுல பார்த்துட்டு வந்து ரெண்டு நாளா அழறா"ன்னார்.

டாக்டரம்மா டெஸ்ட் பண்ணி, மெஷினை அவர் காதுல மாட்டி, அளவு வச்சாங்க. அவர் ஒரு மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். வேதவல்லியம்மா வழக்கமாக் கூப்பிடுற மாதிரியே, "என்னங்க, கேக்குதா?"ன்னு ஒரு போடு போட்டாங்க. கடைக் கண்ணாடியே அதிர்ந்துச்சு.

அவர் துள்ளி விழுந்து, "ஏன்டி இப்படிக் கத்துற?"ன்னார்.

அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, "கத்திக் கத்தியே பழகிடுச்சுங்க"ன்னாங்க.

"இப்ப நீ மெதுவாச் சொன்னதும் கேக்குது"ன்னார் அவர்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் அந்தம்மா என்னென்னமோ பேசினாங்க. பேரன் அமெரிக்காவுலேருந்து வர்றது, வாசல்ல தண்ணி லாரி வந்தது, காலையில அவர் கேக்காமப் போன சேதி எல்லாம். எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேக்கல. ஆனா ஹெட்மாஸ்டர் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். டாக்டரம்மா வேற பக்கம் திரும்பி மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் வியாபாரம் சூடு பிடிச்சுது சார். ஹெட்மாஸ்டர் போட்டுக்கிட்டாருன்னதும், அவர்கிட்டப் படிச்சவங்க, அவரோட நடைக்குப் போறவங்கன்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. அவங்களா வரல, அதைச் சொல்லிடணும். ஒருத்தர் விடாம வீட்டுக்காரம்மாவோ, மகளோ, மருமகளோ கூட்டிக்கிட்டுதான் வந்தாங்க. வந்ததும் என்னைக் கேக்க மாட்டாங்க. "இந்திராணியக்கா இல்லையா?"ம்பாங்க. அவளும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, அவங்க பேசுறதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேப்பா. எனக்கு அது ஆச்சரியம். இவளுக்கு இதுல என்ன அனுபவம்? அவ அப்பா அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் பாம்புக் காது. அண்ணன் தம்பி யாருக்கும் ஒரு குறை இல்ல. எங்களுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர். அப்ப அந்த நோட்டீஸ்ல வந்தது அத்தனையும் எங்கேருந்து வந்துச்சு? கற்பனை சார். முழுக்கக் கற்பனை. உங்க கம்பெனியில சம்பளம் குடுத்து வச்சிருக்கிறவங்களுக்குக்கூட அப்படி வராது.

கம்பெனிக்காரர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோட வந்தார். ஜில்லா மீட்டிங்ல என்னைப் பேசக் கூப்பிட்டார். "விளம்பரம்ங்கிறது நாம என்ன சொல்லணும்ங்கிறதுல இல்ல, யாருக்குச் சொல்லணும்ங்கிறதுல இருக்கு"ன்னு பேசினேன். கைதட்டல்! அந்த வரி ஜோஸ்பின் சொன்னதுதான். ஆனா சரியான எடத்துல எடுத்து விடணும்ல.

டாக்டரம்மாதான் அப்பப்ப, "சார், நீங்களும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கலாமே"ம்பாங்க. ஆள் இல்லாத நேரத்துல கை சும்மா இருக்கக் கூடாதுல்ல, அதுக்காகச் சொல்றாங்க. பிள்ளைங்களும் ஃபோன்ல சொன்னாங்க. எனக்கு எதுக்கு சார்? முப்பது வருஷம் சத்தத்துக்கு நடுவுல இருந்தவன் நான். என் காதை மாதிரிப் பழக்கப்பட்ட காது ஜில்லாவுலயே கிடையாது.

போன மாசம் புது மாடல் ஒண்ணு வந்துச்சு. அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும், போட்டா வெளியில தெரியாது. இந்திராணி அதைக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கிட்ட வந்து, நேரா என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையா, "ஏங்க, ஜவுளிக் கடைக்காரர் தன் கடைச் சட்டையைத்தானே போடுறார்? நம்ம சரக்கை நாமளே போட்டுப் பார்க்காம வித்தா கஸ்டமர் எப்படி நம்புவாங்க? மீட்டிங்ல வேற பேசுறீங்க. யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?"ன்னா.

பாயிண்ட்! வியாபார நுணுக்கம் கொஞ்சம் கொஞ்சமா அவளுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு சந்தோஷமா இருந்துச்சு. டெமோன்னுதான் போட்டுக்கிட்டேன். மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க டாக்டரம்மா என் காதுலயே எல்லா டெஸ்டும் பண்ணி அளவு வச்சுக் குடுத்தாங்க. எதையோ எழுதி இந்திராணிகிட்டக் காட்டினாங்க, ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. ஒரு வாரம் வீட்ல போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்னு கொண்டு போனேன்.

மறுநாள் காலையில கொல்லைப் பக்கம் பல்லு விளக்கிக்கிட்டு இருக்கேன். எங்கேயோ ரேடியோ பாடுது. யார் வீட்லன்னு பார்க்கிறேன், தெரியல. உள்ள வந்தா இன்னும் கிட்டக் கேக்குது. சமையலறை வாசல் வரைக்கும் வந்துட்டேன். இந்திராணி. தோசைக்கல்லுக்கு முன்னாடி நின்னு பாடிக்கிட்டு இருக்கா. தோசையைத் திருப்புறா, பாடுறா, சட்னிக்குத் தாளிக்கிறா, பாடுறா. சின்னக் குரல் சார். ஆனா சுருதி நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. நான் அப்படியே நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். வாயில பேஸ்ட் நுரை.

அவ திரும்பிப் பார்த்துட்டு டக்குன்னு நிறுத்திட்டா.

"எப்போலேருந்து பாடுற நீ?"ன்னேன்.

என்னையே பார்த்தா. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு, தாளிச்ச புகையா இருக்கும். "இப்பத்தாங்க"ன்னா. ஒரே தடவைதான் சொன்னா, மெதுவாத்தான் சொன்னா.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல பாடாதவ, ஐம்பதைத் தாண்டின பிறகு பாட ஆரம்பிச்சிருக்கா பாருங்க! வியாபாரம் நல்லாப் போகுது, மனசுல கவலை இல்ல, அந்தச் சந்தோஷம். வேற என்ன?

இல்ல சார், இப்பப் போட்டுக்கிட்டு வரல. டெமோ பீஸ், பஸ்ஸுல போட்டு எங்கேயாவது விழுந்துட்டா? வீட்ல மட்டும்தான். காலையில எழுந்ததும் மாட்டிக்குவேன், அவ அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி. கூடத்துல பேப்பரை விரிச்சு வச்சுக்குவேன், படிக்கிற மாதிரி. நான் கவனிக்கிறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாளோன்னு ஒரு பயம்.

ஒரு வாரம்னு சொன்னது மாசமே ஆயிருச்சு. நேத்துக்கூட அவ வந்து, "என்னங்க, டெமோ இன்னும் முடியலையா? யாராவது கேட்டா குடுத்துடலாமே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா.

"அவசரப்படாதே, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கணும்"னு சொல்லிட்டேன். நல்லாச் சோதிக்காம ஒரு சரக்கை எப்படி சார் இன்னொருத்தருக்கு விக்கிறது?